அனைத்தையும் தேர்வு செய்

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று நம்மவர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் போய், பத்து வருஷத்துக்கு முன்னால் ஆன்லைனில் வாங்கி, தேய்ந்து, உடைந்து, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்ட மிக்ஸிக்கும் முழுப் பணம் திரும்ப வரும் என்று அரசாங்கமே சொன்னால் சும்மா இருப்பார்களா? அந்தச் சித்திரை மாதம் முழுக்க, காங்கயம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மோகனப்பிரியாவின் இ-சேவை மையத்தில் நிற்க இடமில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்தவர்கள்கூட அதை விட்டுவிட்டு ரீஃபண்ட் வரிசையில் போய் நின்றார்கள்.

வருகிறவர்கள் போனை மேஜைமேல் வைப்பார்கள். ஓடிபி வந்ததும் சத்தமாக வாசிப்பார்கள். பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது, எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்றெல்லாம் கேட்கிற வழக்கம் நம் ஊரில் கிடையாது. "நீயே பாத்துப் போட்டு உடு கண்ணு" என்பதுதான் இங்கே கையெழுத்து. நாற்பத்தொரு பக்க விதிமுறையில் மோகனாவும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும்தான் படித்திருந்தாள். நடுவில் இருப்பதைப் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

மாவு விற்கும் தெய்வானை மட்டும் கொஞ்சம் கேள்வி கேட்டாள்.

"ஏம் மோகனா, அந்த ஏழு அடுக்கு இட்லிச் சட்டி எனக்கு வேணும்னு தோணுச்சா, தோணலையான்னு இந்த மெசினுக்கு எப்புடித் தெரியும்?"

"நீங்க சாமான் வாங்குன அந்தக் 'கைவசம்' ஆப்பு உங்களப் பாத்துக்கிட்டே இருந்துச்சுங்கக்கா. எந்தப் படத்துல எத்தன நொடி நின்னீங்க, வேண்டாம்னு தள்ளி உட்ட பொறவு எத்தன தடவ மறுக்காக் காட்டுச்சு, மாமன்கூட சண்ட போட்டுட்டு வந்து எப்ப போனை எடுத்தீங்க, எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்குது. கோர்ட்டு அந்தக் கணக்கப் புடுங்கி, தராசுன்னு பேரு வெச்ச இந்த மெசினுகிட்டக் குடுத்திருச்சு. உங்களுக்கா தோணுனது எத்தன, அவங்க தோண வெச்சது எத்தனன்னு அது பிரிச்சுச் சொல்லும். அவங்க தோண வெச்சது நூத்துல அறுபதுக்கு மேல போனாக் காசு வாபஸ்."

"நானா ஆசப்பட்டு வாங்குனதுக்கு?"

"அதுக்கு இல்லீங்க."

"அப்பப் புத்தியோட வாங்குனவளுக்குத்தான் நட்டம்."

மையமே சிரித்தது. தெய்வானைக்கு எண்பத்தெட்டு வந்தது. அவளுக்கு ஒரே பெருமை. அந்த நாட்களில் ஊரில் அப்படித்தான் இருந்தது. எண் பெரிதாக இருந்தால் பணமும் பெரிது என்பதால், எனக்குத் தொண்ணூறு, எங்கள் வீட்டுக்காரருக்குத் தொண்ணூற்றிரண்டு என்று பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்வது போலச் சொல்லித் திரிந்தார்கள். எனக்குச் சொந்தப் புத்தி இல்லை என்பதற்குச் சான்றிதழ் வாங்க இத்தனை பேர் வெயிலில் நின்றது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

மோகனாவின் திரையிலும் ஒரு பச்சைப் பெட்டி வந்துகொண்டே இருந்தது. "உங்கள் தந்தைக்கும் பணம் காத்திருக்கலாம்." மூடினால் அரை மணி கழித்து வரும். பன்னிரண்டாவது தடவை வந்தபோது மத்தியானம் ஒன்றரை மணி. கூட்டம் சாப்பிடப் போயிருந்தது. அவள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

நாச்சிமுத்து எதற்கென்று கேட்கவில்லை. மகள் கேட்டால் ஓடிபி, மகன் கேட்டாலும் ஓடிபி. கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, தப்பில்லாமல் வாசித்தார்.

பட்டியல் விரிந்தது. முந்நூற்று நாற்பத்தாறு பொருள். அம்மா உயிரோடு இருந்த காலத்திலிருந்து எல்லாம் அப்பா பெயரில் இருந்த ஒரே கணக்கில்தான் வாங்கினார்கள். முட்டிவலிப் பட்டை, செடிக்குத் தண்ணீர் பீச்சும் துப்பாக்கி, எட்டு டார்ச் லைட், யாருமே கட்டாத மூன்று வாட்ச். ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தால் முக்கால் மணி ஆகும். ரசம் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. மேலே வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அனைத்தையும் தேர்வு செய். ஊருக்கே அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கும் அதையே அழுத்தினாள்.

சராசரி தூண்டல் தொண்ணூற்றொன்று என்று வந்தது. எட்டாம் நாள் பணம் ஏறியது. ஃப்ரிட்ஜுக்கு கேஸ் நிரப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தார்கள். "நெம்பக் கெட்டிக்காரி என்ற மக" என்று நாச்சிமுத்து பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது இரண்டு பேருக்குமே அப்போது தெரியவில்லை.

நாச்சிமுத்துவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருஷம் எண்ணெய் மில்லில் சூப்பர்வைசர். முதலாளி சொன்னால் சரி, வீட்டில் மனைவி சொன்னால் சரி, மகன் லோகநாதன் திருப்பூரில் பனியன் பிரிண்டிங் போடப் பணம் கேட்டபோது அதுவும் சரி. எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரே ஒரு காரியத்தைத் தானாகச் செய்தார். மோகனா கல்யாணம் முறிந்து ஒரு சூட்கேஸோடு வந்து நின்ற மறு வருஷம், குடியிருந்த வீட்டை அவள் பெயருக்குத் தானமாக எழுதி வைத்தார். அவர்கள் சனத்தில் பெண்ணுக்கு நகை போடுவார்கள், சீர் செய்வார்கள், அத்தோடு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். வீட்டை எழுதி வைக்கிறவர் இல்லை. உறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து உட்கார்ந்து புத்தி சொன்னார்கள். "எம்பட ஊடு, எம்பட புள்ள" என்று நாலே வார்த்தையில் முடித்துவிட்டார். அதை நினைக்கிறபோதெல்லாம் மோகனாவுக்கு வீடு கிடைத்ததைவிட அந்த நாலு வார்த்தை கிடைத்ததுதான் பெரிதாக இருக்கும்.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் லோகு வந்தான். கையில் ஒரு தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அப்பா குளியலறையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு தங்கையிடம் நீட்டினான்.

"அந்த ரீஃபண்ட் விதியில பதினாலாம் பிரிவு, பாப்பா. சராசரி எண்பதுக்கு மேல இருக்கறவங்க பேரு ஒரு பட்டியல்ல ஏறிரும். எளிதில் தூண்டப்படுபவர்னு. அவங்க அந்தச் சாமான் வாங்குன வருசங்கள்ல எழுதிக் குடுத்த சொத்தை, சொந்தக்காரங்க கேட்டா மறுபடி விசாரிக்கோணும். அப்பா பேரு ஏறியிருக்குது."

"அது அவங்கள ஆரும் ஏமாத்திறக்கூடாதுன்னு போட்ட சட்டமில்லைங்கண்ணா?"

"ஆமா. நீ ஏமாத்தலேன்னு ஆரு சொல்றது?"

லோகு கெட்டவன் இல்லை. இதைச் சொல்லும்போது அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை என்பதே அதற்குச் சாட்சி. ஆனால் திருப்பூரில் அவனுடைய இரண்டு மெஷினை வங்கி பூட்டி வைத்திருந்தது. தேவை வந்தால் நல்லவனுக்கும் சட்டப் புத்தகம் படிக்க நேரம் கிடைத்துவிடுகிறது.

"நான் சொல்லலை பாப்பா. தராசு சொல்லுது. ஒரு டார்ச் லைட்டைத் தானா வாங்க முடியாத மனுசன், ஒரு ஊட்டை மட்டும் தானாக் குடுத்திருப்பாரான்னு கேக்கறாங்க."

"ஆரு கேக்கறாங்க?"

"நான்தான் கேக்கறேன்" என்றான் லோகு, தரையைப் பார்த்துக்கொண்டு.

குளியலறைக் கதவு திறந்திருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. துண்டோடு நின்ற நாச்சிமுத்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் நடந்ததுதான் மோகனாவால் தாங்க முடியாமல் போனது. வீடு போனால் வாடகைக்குப் போகலாம். இதற்கு எங்கே போவது? மறுநாள் காலையில் அவர் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"அம்மிணி, இந்தக் கோடு போட்ட சட்டை எனக்குப் புடிக்குமா?"

"உங்களுக்குப் புடிச்சதுதானுங்கப்பா அது."

"எனக்குப் புடிச்சுதா, புடிக்க வெச்சாங்களா?"

அவள் சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அது சட்டையோடு நிற்கவில்லை. அவரைக்காய்ப் பொரியல் தனக்குப் பிடிக்குமா என்று கேட்டார். கோயிலுக்குப் போகக் கிளம்பி வாசலில் நின்று, போகலாம் என்று தனக்குத்தான் தோன்றியதா என்று யோசித்து, திரும்ப உள்ளே வந்தார். செத்துப்போன மனைவியைப் பெண் பார்க்கப் போனபோது பிடித்திருக்கிறது என்று சொன்னது தானா, தன்னைப் பெற்ற அய்யனா என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். அறுபத்தாறு வயது மனுஷன் தன் ஆயுளை ஒவ்வொன்றாக எடுத்து, இது என்னுடையதா என்று புரட்டிப் பார்ப்பதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு கொடுமை என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஊட்டை உனக்குக் குடுத்தது நாந்தானா?"

"நீங்கதானுங்கப்பா."

"நீ அப்ப அழுதுக்கிட்டே இருந்தீல்ல? அதப் பாத்துக் குடுத்தனா, நானாக் குடுத்தனா?"

"அழுதா இரக்கம் வரும். அது உங்க இரக்கம்தானுங்களே."

"தொண்ணூத்தொண்ணுங்கறாங்களே அம்மிணி" என்றார். "நூத்துல ஒம்பதுதான் நான். அந்த ஒம்பதுல உன்ற ஊடு வருதான்னு எனக்குத் தெரியமாட்டீங்குது."

மோகனா எழுந்து போய் அடுப்படியில் நின்று அழுதாள். ஒரு டிக். ரசம் ஆறிவிடும் என்று போட்ட ஒரே ஒரு டிக். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவளாவது காசைச் செலவு செய்திருப்பாள். இவள் வந்த காசில் கறி எடுத்துத் தின்றாள்.

ஆடி முடிந்து, ஆவணி இரண்டாம் வாரம் தாராபுரத்தில், லோகு போட்ட மனுமேல் விசாரணை. தூண்டல் தீர்வகம் என்று பலகை போட்ட வாடகைக் கட்டடம். கீழே துணிக்கடை, மாடியில் நீதி. காலை பதினொரு மணிக்கு மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். தீர்வாளர் அமுதவல்லி ஐம்பது வயதுக்காரர், ஜலதோஷம் பிடித்திருந்தது, வெந்நீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே காகிதங்களைப் படித்தார். நாச்சிமுத்து கடைசி பெஞ்சில் லோகுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அவரையே கேளுங்க" என்றாள் மோகனா. "நீங்களாக் குடுத்தீங்களான்னு கேட்டு, அந்தத் தராசுப் பட்டையைக் கையில கட்டி நிறுத்துப் பாருங்க. இங்க நேராவே நிறுக்கற தராசு இருக்குதுன்னு சொன்னாங்களே."

"இருக்கு. பேசும்போதே, இது அவர் மனசிலேருந்து வருதா, இன்னொருத்தர் அழுத்தத்துல வருதான்னு சொல்லிடும். ஆனா பட்டியல்ல இருக்கறவரோட வாக்குமூலத்தை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லைம்மா. பத்திரம் எழுதினப்போ நிறுத்துப் பார்க்கல. இப்போ நிறுத்துப் பார்க்க முடியாது. அப்போ எனக்கு மிச்சம் இருக்கறது அந்தத் தொண்ணூற்றொன்று மட்டும்தான்."

"பட்டியல்ல இருந்து பேரை எடுக்கோணும்னா?"

"ரீஃபண்ட் விண்ணப்பமே செல்லாதுன்னு ஆகணும். பணத்தைத் திருப்பிக் கட்டிட்டா மட்டும் போதாது." அமுதவல்லி கொஞ்சம் வெந்நீர் குடித்தார். "விண்ணப்பத்தைப் போட்டது உங்கப்பாவா?"

"நான்தானுங்க. அவர் ஓடிபி மட்டும் சொன்னார்."

"எதுக்குன்னு தெரியாமலே?"

"எங்க ஊர்ல ஆருங்க மேடம் கேக்கறாங்க?"

தீர்வாளர் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கணினியில் ஏதோ தட்டினார். "நீங்க அந்த டிக்கை அழுத்தினதையும் நிறுக்கலாம். ரீஃபண்ட் செயலியும் ஒரு செயலிதானே. அதுவும் உங்களைத் தள்ளியிருக்கும்." ஒரு நிமிஷம் போனது. "பச்சைப் பெட்டி பன்னிரண்டு தடவை. மத்தியானம், நீங்க பசியோட இருந்த நேரம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கடைசியா வந்திருக்கு. தூண்டல் தொண்ணூற்று நாலு."

பின் பெஞ்சில் நாச்சிமுத்து தலையைத் தூக்கினார்.

"அப்ப என்ற டிக்கு செல்லாதுங்களா?"

"செல்லாதுன்னு நீங்க ஒப்புக்கொண்டா செல்லாது. உங்கப்பா பேரு இப்பவே பட்டியல்ல இருந்து போயிடும். ஆனா உங்க பேரு ஏறிடும். நல்லா கேட்டுக்கங்க. மையத்தோட உரிமம் போயிடும். இனி ஒரு கையெழுத்துப் போடணும்னா, வங்கி, பத்திரம் எதுவா இருந்தாலும், காப்பாளர் கூடக் கையெழுத்துப் போடணும். காப்பாளர் அறுபது வயசுக்குள்ள இருக்கற ரத்த உறவு."

அறுபதுக்குள் இருக்கிற ரத்த உறவு ஒன்றே ஒன்றுதான். அது அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஊடு என்ற பேர்ல இருக்குமில்லீங்க?"

"கேஸ் வந்துட்டதால பத்திரம் இப்போ நிறுத்தி வெச்சிருக்கு, உங்கப்பா மறுபடி உறுதி செஞ்சா இருக்கும். விக்கணும்னா மட்டும் அண்ணன் சம்மதம் வேணும். யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை."

மோகனா யோசிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. மூன்று மாதமாக வேறு எதை யோசித்தாள்? மையம் போனால் வேறு வேலை. அண்ணனிடம் கையெழுத்துக்கு நின்றால் கௌரவம் கொஞ்சம் குறையும், குறையட்டும். அப்பா பீரோவுக்கு முன்னால் நிற்கிற அந்த நிற்பு நின்றால் போதும். அவர் வாயால் அந்த நாலு வார்த்தையை இன்னொரு தடவை கேட்டால் போதும்.

"போட்டுருங்க மேடம்" என்றாள். "எனக்குச் சுயபுத்தி இல்லைன்னே எழுதிக்கங்க."

மூன்று இடத்தில் கையெழுத்து, ஒரு கட்டைவிரல் ரேகை. இயந்திரம் இரண்டு தாளைத் துப்பியது. ஒன்றில் நாச்சிமுத்துவின் பெயர் நீக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில் மோகனப்பிரியாவின் பெயர் ஏற்றப்பட்டிருந்தது. அமுதவல்லி முதல் தாளைப் பெரியவரிடம் நீட்டினார்.

"ஐயா, உங்க மேல இருந்த எண் ரத்து. நீங்க சொல்றது இனிமே செல்லும். முன்னால வாங்க."

நாச்சிமுத்து எழுந்து வந்தார். அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது போல மோகனாவுக்குத் தெரிந்தது. பட்டையை மணிக்கட்டில் கட்டினார்கள். அடுத்த தாளையும் பார்க்கலாமா என்று கேட்டார். மகளுடைய தாள். கொடுத்தார்கள். அதை இன்னும் மெதுவாக வாசித்தார்.

"யாரும் குறுக்கே பேசக்கூடாது" என்றார் தீர்வாளர். "பக்கத்துல இருந்து யாராவது ஒரு வார்த்தை பேசினாலும் அளவு கெட்டுப்போயிடும். அப்புறம் ஆறு மாசம் கழிச்சுத்தான் மறுபடி எடுப்பேன். ஐயா, வீடு யாருக்குன்னு உங்க வாயால சொல்லுங்க."

நாச்சிமுத்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"லோகநாதன் பேருக்கு எழுதீருங்க."

லோகு பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றான்.

"எனக்குத் தொண்ணூத்தொண்ணுன்னு சொன்னாங்க. அதுக்கே நான் மூணு மாசம் பித்துப் புடிச்சவனாட்டத் திரிஞ்சேன். ஆரு எதைச் சொன்னாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். புள்ளைக்குத் தொண்ணூத்து நாலுன்னு போட்டிருக்குதுங்க." அவர் குரல் தடுமாறவில்லை. "புருசன் இல்லாத புள்ள. அவ பேர்ல ஊடு இருந்தா எவனாச்சும் நைச்சியமாப் பேசி எழுதி வாங்கிப்போடுவான். இவளுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாதுன்னு இதுலயே போட்டிருக்குதே. எம்பையன் பேர்ல இருந்தா அவன் அவளைக் கை உட்டுற மாட்டான். சண்ட போட்டாலும் கூடப்பொறந்தவன். அவளுக்கு ஒண்ணும் ஆயிறக்கூடாதுங்க. அதுதான்."

மோகனாவின் வாயில் ஒரு வார்த்தை வந்து நின்றது. அப்பா. அவ்வளவுதான். அதைச் சொன்னால் போதும், அளவு கெடும், வாக்குமூலம் செல்லாது, ஆறு மாதம் கிடைக்கும். ஆறு மாதத்தில் அவருக்கு எடுத்துச் சொல்லலாம். அந்த எண் என்னைப் பற்றியது இல்லை, ஒரு மத்தியானத்தைப் பற்றியது என்று புரியவைக்கலாம். அவர் கேட்பார். அவர் யார் சொன்னாலும் கேட்கிறவர்தானே.

ஆனால் அப்படிக் கேட்டு அவர் சொல்வது யாருடைய வார்த்தையாக இருக்கும்? திரும்பவும் பீரோவுக்கு முன்னால் போய் நிற்பார். மேஜை முன்னால் இரண்டு காலையும் ஊன்றி நிற்கிற அவரைப் பார்த்தாள். வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்த அன்று பத்திர அலுவலகத்திலும் இப்படித்தான் நின்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தீர்வாளர் திரையைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சுயவிருப்பம் தொண்ணூற்றெட்டு" என்றார். "ரெண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இவ்வளவு நான் பார்த்ததில்லை."

முத்திரை விழுந்தது.

கீழே துணிக்கடை வாசலில் லோகு அவளைத் தனியாகப் பிடித்தான். "பாப்பா, நான் கேஸு போட்டது வாஸ்தவந்தான். ஆனா இப்புடி ஆகும்னு நெனைக்கலை. பாதிதான் கேக்கலாம்னு இருந்தேன். நீ எங்கயும் போக வேண்டாம். உன்ற ரூம்லயே இருந்துக்க."

"செரிங்கண்ணா."

"மெஷினை மீட்டதும் பாத்துக்கலாம்."

"செரிங்கண்ணா" என்றாள் மறுபடியும். வேறு என்ன சொல்வது? அவன் அந்த வீட்டை அடமானம் வைப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நல்ல மனசோடுதான் வைப்பான்.

காங்கயம் பேருந்தில் அப்பாவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மோகனா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊதியூர் மலை தெரிகிற வரைக்கும் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தில் அந்தத் தேடுகிற பார்வை இல்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு, வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற மனுஷனின் முகமாக இருந்தது.

"அம்மிணி" என்றார். "உனக்குக் கோவமா?"

"இல்லீங்கப்பா."

"முன்னாடி ஊட்டை உன்ற பேருக்கு எழுதுனப்பக்கூட எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பயமா இருந்துச்சு. ஆரு என்ன சொல்லுவாங்களோன்னு. இன்னைக்குத் துளி பயமில்லை. நல்லா ரோசனை பண்ணித்தான் சொன்னேன். ஆரும் சொல்லிக் குடுக்கலை." அவர் அவள் பக்கம் திரும்பினார். "செரிதானே நான் செஞ்சது?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அதைத் தாங்குகிற தெம்பு அவரிடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"செரிதானுங்கப்பா" என்றாள். "நீங்களாச் செஞ்சதுதானுங்க."

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு, துண்டை மடித்து ஜன்னல் கம்பியில் வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.